கறையானுக்குக் காப்புறுதி இல்லை: நல்லூர் வீட்டுப் பொருட்கள் பற்றிய ஓர் ஆய்வு

நல்லூரில் ஒரு வீட்டுக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதை இதுவரை முறையாக ஆராய்ந்தவர்கள் மூன்று தரப்பினர்: சம்பந்தம் பேச வந்தவர்கள், கள்ளர், காப்புறுதிக் கம்பனிக்காரர். முதல் தரப்பினர் விறாந்தைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் கணக்கை முடித்துவிடுவார்கள். இரண்டாம் தரப்புக்கு அந்தளவு நேரமும் தேவைப்படுவதில்லை. மூன்றாம் தரப்பினர் மட்டுமே தமது ஆய்வு முடிவுகளைச் சின்ன எழுத்தில் அச்சடித்து வீட்டுக்காரரின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதை வாசித்தவரைத்தான் காணக் கிடைப்பதில்லை. அந்தப் பொலிசி அலுமாரியின் மேல்தட்டில், காணி உறுதிக்கும் பிள்ளைகளின் சாதகக் கொப்பிகளுக்கும் நடுவில் பத்திரமாக இருக்கும். அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "வீட்டில இருக்கிற எல்லாத்துக்கும் போட்டிருக்கு" என்பார்கள். அந்தப் பதில் பிழை என்று நிறுவுவதே இக்கட்டுரையின் வேலை. வீட்டுப் பொருட்களுக்கான காப்புறுதி, பொருளைவிட அது போன வழியைத்தான் கூர்ந்து பார்க்கிறது. ஒரே அலுமாரி தீயில் போனால் பணம் வரும். கறையானில் போனால் வராது. மைத்துனர் இரவலாகக் கொண்டுபோய்விட்டார் என்றால் கேட்கவே கூடாது.

முதலில் எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும். கட்டடத்துக்கு ஒரு காப்புறுதி, உள்ளே இருப்பவற்றுக்கு இன்னொன்று என்பது வழக்கம். இரண்டையும் பிரித்தறிய இத்தொழிலில் ஒரு சோதனை சொல்வார்கள்: வீட்டைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தால் விழுபவை எல்லாம் வீட்டுப் பொருள், விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்பவை கட்டடம். கொங்கிறீற்றுத் தட்டு வீடுகளில் இருந்துகொண்டு யாரோ கண்டுபிடித்த சோதனை இது. நல்லூரின் பழைய நாற்சார் வீடொன்றைக் கவிழ்த்தால் பாதிச் சாமான் நடுமுற்றத்தின் வழியே வானத்துக்குள் விழுந்துவிடும் என்பதைப் பெரிய சிக்கலாக எடுக்க வேண்டாம். ஆனால் ஓடுகள்? அவற்றைப் பெரும்பாலும் ஆணியடித்து இறுக்குவதில்லை, சலாகையின் மேல் அடுக்கித்தான் வைக்கிறார்கள். கவிழ்த்தால் முதலில் விழுபவை அவையே. ஆகவே சோதனையை எழுத்துப்படி எடுத்தால் கூரை ஒரு தளபாடம். ஊஞ்சலைக் கவனிப்போம்: வளையில் கொளுவியிருக்கும் கொக்கி கட்டடத்தைச் சேர்ந்தது, பலகை வீட்டுப் பொருள், இரண்டுக்கும் நடுவே தொங்கும் சங்கிலியின் நிலை விவாதத்துக்குரியது. அம்மி விழும். குசினித் திண்ணையில் சீமெந்து போட்டுப் பதித்த ஆட்டுக்கல் விழாது. சாமி அறைப் படங்கள் விழும், ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க எந்த வீட்டிலும் அனுமதி கிடைக்காது. கிணற்றடி மோட்டர் தனி வழக்கு. அது வீட்டுக்குள்ளேயே இல்லை. வளவில் வெளியே கிடப்பவற்றுக்கு மூடிய வீட்டுக்குள் இருப்பவற்றுக்குள்ள அதே பாதுகாப்பு கிடைக்கும் என்று யாரும் நம்பியிருக்கக் கூடாது.

எல்லை ஒருவாறு பிடிபட்ட பின்னர் முதற் சான்றாகக் கறையானை அழைக்கலாம். வீட்டுப் பொருட் பொலிசிகள் காப்பது திடீரென்று வெளியிலிருந்து வரும் இழப்புகளை: தீ, மின்னல், வெடிப்பு, புயல், உடைத்துப் புகுந்த களவு, குழாய் வெடிப்பு போன்றவை. மெல்ல மெல்ல நடப்பவற்றை அவை ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் ஒரே வரியில் ஒதுக்கிவிடுகின்றன: தேய்மானம், துரு, பூஞ்சணம், பூச்சி, எலி, கறையான். இங்கேதான் நல்லூர் வீட்டின் துரதிர்ஷ்டம் தொடங்குகிறது. இங்கே பொருட்கள் பெரும்பாலும் மெல்லத்தான் போகின்றன. கூறைச் சேலையின் சரிகை கறுப்பது, மாரியில் ஊறிய கதவு வேனிலில் சுருங்குவது, கடல்நீரேரிப் பக்கமிருந்து வரும் காற்றில் தையல் மெஷினின் சக்கரம் இறுகுவது எல்லாம் வருடக் கணக்கில் நடக்கும் வேலைகள். வைரம் பாய்ந்த பனைமரத்தில் வளை போட்ட முன்னோர் கறையானை நன்றாக அறிந்தவர்கள். ஆனால் அந்த வளை கட்டடத்தைச் சேர்ந்தது. வீட்டுப் பொருளாகக் கறையானுக்குக் கிடைப்பது தவணைக்கு எடுத்த ஒட்டுப்பலகை அலுமாரி. இதற்கு ஒரு மறுப்பு எழும்: அறிந்தது திடீரென்றுதானே, நேற்றுப் பெட்டகத்தைத் திறந்தபோதுதானே அடிப்பலகை மாவாகக் கொட்டியது? இழப்பு மதிப்பீட்டாளர் இதைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். திடீரென்று நடந்தது கண்டுபிடிப்பு மட்டுமே என்றும், கறையான் பல மாதங்களாக ஒழுங்காக வேலைக்கு வந்துகொண்டிருந்தது என்றும் எழுதிக்கொண்டு எழும்பிவிடுவார். அவர் சொல்வது சரிதான்.

களவு விடயத்தில் இந்தத் தத்துவம் இன்னும் நுணுக்கமாகிறது. களவுக் காப்புறுதி பெரும்பாலும் உடைத்துப் புகுந்ததற்கான அடையாளத்தைக் கேட்கும்: நெம்பிய நிலை, அறுத்த கம்பி, பெயர்ந்த பூட்டு. கதவு திறந்திருந்தது, உள்ளே வந்து எடுத்துக்கொண்டு போனார் என்றால் பொருள் போனது உண்மை, ஆனால் போன வழி பிழை. இந்த நிபந்தனையை எழுதியவர்கள் குசினிப் பின்கதவை ஒரு கொளுக்கியில் மாட்டிவிட்டு விடியற்காலைப் பூசைக்குப் போகும் பண்பாட்டை அறிந்திருக்க நியாயமில்லை. முன்கதவுத் திறப்பைப் பூச்சாடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போவதையும் அப்படித்தான். அந்தத் திறப்பால் திறந்தவர் சட்டத்தின் பார்வையில் உடைத்துப் புகுந்தவரா, உபசரிக்கப்பட்டவரா என்பது நீண்ட கடிதப் போக்குவரத்துக்கு வழிவகுக்கும். இவை எல்லாவற்றிலும் பெரிய வாய்க்கால் இரவல். கிடாரம், பந்திப் பாய், பித்தளைத் தாம்பாளம், பிளாஸ்ரிக் கதிரை ஆகியவை ஒரு வீட்டில் நிலையாக இருப்பவை என்று கருதுவது தவறு. அவை ஒழுங்கை முழுவதும் ஓடித் திரிபவை. விருப்பத்தோடு கொடுத்த பொருள் திரும்பி வராததைக் களவு என்று எந்தப் பொலிசியும் ஏற்காது. மறுதலையாக, உங்கள் வீடு எரியும் நாளில் உங்கள் குசினியில் இருக்கும் கிடாரம் பக்கத்து வீட்டுடையதாக இருக்கலாம். பிறர் பொருள் பொலிசியில் தனியாகச் சொல்லப்படாவிட்டால் சேராது. இப்படியாக, ஒழுங்கையின் ஒரு பகுதிச் சொத்து எந்த நேரத்திலும் இரண்டு வீட்டுப் பொலிசிகளுக்கும் இடையில், வேலிக்கு மேலால் கைமாறிக்கொண்டிருக்கிறது.

இங்கே உடைமைக் கேள்வி வந்துவிடுகிறது. காப்புறுதி செய்பவருக்கு அந்தப் பொருளில் உரித்து இருக்க வேண்டும், அது போனால் நட்டப்படுபவர் அவராக இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. மற்ற ஊர்களில் இது சம்பிரதாயமான விதி. நல்லூரில் இதற்குள் ஒல்லாந்தர் வந்து நிற்கிறார்கள். திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்து எழுதிய தேசவழமை, 1806 இல் பிரித்தானியரால் சட்டமாக ஏற்கப்பட்டது. அது குடும்பத்தின் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று பிரித்து வைத்திருக்கிறது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் அதைத் திருத்தியமைத்தது. அதே வீட்டில் தீப்பிடித்தால் கதை வேறு. 1866 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி தீக் காப்புறுதிக்கு இங்கிலாந்துச் சட்டமே இலங்கைக்கும் பொருந்தும் என்று வைத்தார்கள். ஆகவே மனைவி சீதனமாகக் கொண்டுவந்த தையல் மெஷின் எரிந்தால், அது யாருடையது என்பதை யாழ்ப்பாண வழக்கம் தீர்மானிக்கும், எரிந்ததா இல்லையா என்பதை இலண்டன் நீதிமன்றங்களின் தீர்ப்புகள் தீர்மானிக்கும். விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தவர் மட்டும் கணவராக இருப்பார். கம்பனிகள் இந்தச் சிக்கலுக்குள் இறங்க விரும்பாமல், கூட வசிக்கும் குடும்பத்தினரின் பொருட்களும் சேரும் என்று எழுதித் தப்பிக்கொள்கின்றன. இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் கூட வசிக்காத குடும்பத்தினர் நல்லூரில் அதிகம். அவர்களுக்கும் உள்ளே பொருள் உண்டு.

இலண்டன் தீர்ப்புகள் என்றவுடன் 1941 ஆம் ஆண்டின் ஹரிஸ் எதிர் போலண்ட் வழக்கை நல்லூர்க் குசினிக்குள் கொண்டுவராமல் இருக்க முடியாது. கள்ளருக்குப் பயந்த ஒரு பெண் தன் நகைகளைக் குளிர்காயும் அடுப்பின் கரிக்குள் ஒளித்து வைத்தார், பிறகு அதை மறந்து அடுப்பை மூட்டிவிட்டார். கம்பனி மறுத்தது: தீ இருக்க வேண்டிய இடத்தில்தானே எரிந்தது, இதில் விபத்து எங்கே? நீதிமன்றம் கம்பனியின் வாதத்தை ஏற்கவில்லை. எரிய வேண்டிய இடத்தில் எரிந்த தீயாக இருந்தாலும், எரியும் நோக்கம் இல்லாத பொருள் தற்செயலாக அதில் போய்ச் சேர்ந்தால் அது தீயிழப்பே என்று தீர்த்தது. இத்தீர்ப்பை அரிசிப் பானைக்குள்ளும் உப்புச் சாடிக்குள்ளும் சாம்பல் நிறைந்த பழைய அடுப்புக்குள்ளும் காசையும் காப்பையும் ஒளிக்கும் சமூகம் கல்வெட்டில் பொறித்திருக்க வேண்டும். ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. 1816 இல் ஒரு சர்க்கரை ஆலையில் புகைப்போக்கியின் மூடியைத் திறக்க மறந்ததால் வெக்கையும் புகையும் சர்க்கரையைக் கெடுத்தன. தீ அடுப்பை விட்டு வெளியே வரவில்லை, எதுவும் பற்றி எரியவில்லை, ஆகவே நட்டஈடும் இல்லை. இதன்படி புட்டுப் பானை அடிப்பிடித்துக் கறுத்தால் அது இழப்பு அல்ல. சட்டையில் ஸ்திரிப்பெட்டியின் முத்திரை விழுந்தாலும் அப்படியே. பானையும் சட்டையும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன, தீயும் அதன் இடத்தில்தான் இருந்தது. கவனக்குறைவு மட்டும்தான் இடம்மாறி இருந்தது.

நகை என்று வந்தபின் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பது நல்லது. நல்லூர் வீட்டின் சொத்தில் பெறுமதியான பங்கு மரத்திலும் பித்தளையிலும் இல்லை, பவுணில் இருக்கிறது. இதை அறிந்தோ அறியாமலோ பொலிசிகள் நகைக்கு ஓர் உச்சவரம்பு வைக்கின்றன: மொத்தத் தொகையில் இவ்வளவுதான், ஒரு தனிப் பொருளுக்கு இவ்வளவுதான், அதற்கு மேல் வேண்டுமானால் எடையும் மதிப்பும் எழுதித் தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும். தாலிக்கொடி ஒன்றே அந்தத் தனிப்பொருள் வரம்பைத் தாண்டிவிடும் வீடுகள் உண்டு. சோடிப் பொருட்களில் இன்னொரு நுணுக்கம்: ஒரு தோடு போனால் ஒரு தோட்டுக்குத்தான் பணம், மற்றது ஒற்றையாக நின்று பெறுமதி இழப்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. அதைவிட முக்கியமானது, வீட்டுப் பொருள் என்பது வீட்டுக்குள் இருக்கும்போதுதான் வீட்டுப் பொருள். கந்தசுவாமி கோயில் திருவிழா இருபத்தைந்து நாள். தேரன்று சனத்துக்குள் சங்கிலி அறுந்தால், அது வீட்டுக்கு வெளியே நடந்தது. வெளியே அணிந்து செல்வதற்கென்று கூடுதல் கட்டணம் கட்டி விரிவாக்கம் எடுத்திருந்தாலன்றி, பொலிசி படலையோடு நின்றுவிடும். ஆகவே கோட்பாட்டளவில் ஒரு குடும்பம் தேரன்று இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும்: நகையைப் போட்டுக்கொண்டு போய் வெளியே காப்பில்லாமல் நிற்பது, அல்லது வைத்துவிட்டுப் போய் ஆளில்லாத வீட்டை நினைத்து வடக்கு வீதியில் மனம் அமைதியின்றி நிற்பது. நடைமுறையில் இரண்டாவதைத் தெரிவுசெய்பவர்கள் ஒரு பாட்டியை வீட்டில் விட்டுச் செல்கிறார்கள். பாட்டியின் காவல் பற்றிப் பொலிசிகளில் ஒரு வாசகமும் இல்லை, அவரது சேவைக்கு எந்தக் கழிவும் இல்லை.

இவ்விடத்தில் பக்தர் தரப்பின் மறுப்பை மரியாதையோடு பரிசீலிக்க வேண்டும். கந்தன் வாசலில் குடியிருப்பவனுக்குக் காப்புறுதி எதற்கு என்பது அவர்கள் வாதம். இதைத் தள்ளிவிட இக்கட்டுரை துணியாது, ஆனால் சட்டநிலையைச் சுட்டிக்காட்டும். ஒரே பொருளை இரண்டு இடத்தில் காப்புறுதி செய்தால் நட்டத்தை இருமடங்காகப் பெற முடியாது. இரு தரப்பும் தம்முள் பங்கிட்டுக்கொள்ளும். கந்தனையும் கம்பனியையும் ஒன்றாக வைத்திருப்பவர் எவ்வளவு பங்கு யாருடையது என்று கேட்கும் நிலைக்கு வந்தால், ஒரு தரப்பு விண்ணப்பப் படிவம் கேட்காது, மறுதரப்பு கேட்காமல் விடாது. தவிர, கோயிலுக்கே 1621 இல் நடந்ததை மறந்துவிடக் கூடாது. போர்த்துக்கேயர் பிலிப் டி ஒலிவேராவின் காலத்தில் அதை இடித்தார்கள். இன்றைய கோயிலின் தொடக்கம் 1734. நூறு வருடத்துக்கு மேற்பட்ட அந்த இடைவெளியில் நட்டஈடு கேட்டு யாரும் விண்ணப்பித்ததாகத் தெரியவில்லை. விண்ணப்பித்திருந்தாலும் யுத்த விலக்கு வாசகத்தில் விழுந்திருக்கும்.

யுத்த விலக்கு நல்லூருக்குப் புத்தகச் சட்டமல்ல. யுத்தம், உள்நாட்டு யுத்தம், கிளர்ச்சி ஆகியவற்றால் வந்த இழப்பைச் சாதாரண வீட்டுப் பொலிசி ஏற்காது. காரணம் எளியது: ஒரு வீட்டில் தீப்பிடித்தால் மற்றவர்களின் கட்டணத்திலிருந்து கொடுக்கலாம், எல்லா வீடும் ஒரே நாளில் போனால் யாருடைய கட்டணத்திலிருந்து கொடுப்பது? 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, வீட்டுப் பொருள் என்பது தலையிலும் சைக்கிள் கரியரிலும் ஏறியவை மட்டும்தான். திரும்பி வந்தவர்களில் பலர் கதவும் நிலையும் ஓடும் போயிருக்கக் கண்டார்கள். தலைகீழ்ச் சோதனையை அன்று யாரோ முழுமையாகச் செய்து பார்த்திருந்தார்கள், விழாதவையும் விழுந்திருந்தன. கலவரமும் பயங்கரவாதமும் வேறு கணக்கு. இலங்கையில் அவற்றுக்கு மேலதிகக் கட்டணத்தில் தனி விரிவாக்கம் உண்டு, அதன் பொறுப்பை அரசின் கீழுள்ள நிதியம் ஏற்கிறது. 1983 ஐ அனுபவித்த நாட்டில் கலவரத்துக்கென்று ஒரு பெட்டி விண்ணப்பத்தில் இருப்பதையும், அதில் அடையாளம் இடாமல் விட்டால் அது சேராது என்பதையும் பொலிசிக்காரர் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. வெள்ளம் பற்றிச் சுருக்கமாக: 2008 இன் நிஷாவும் 2020 இன் புரெவியும் குடாநாட்டுக்குள் தண்ணீரைக் கொண்டுவந்தவை. புயலும் வெள்ளமும் பொலிசியில் எழுதியிருக்க வேண்டும். விலகிய ஓட்டின் வழியாக வருடா வருடம் ஒழுகுவது வெள்ளம் ஆகாது, அது கறையானின் தங்கை.

பொருள் போன வழி சரியாக இருந்தாலும் தொகையில் ஒரு கண்ணி உண்டு. நல்லூர் வீட்டாரிடம் ஒரே சாமானுக்கு இரண்டு விலை இருக்கும்: சம்பந்திக்குச் சொல்வது ஒன்று, விண்ணப்பத்தில் எழுதுவது மற்றொன்று. இரண்டாவது விலை எப்போதும் குறைவு, ஏனெனில் அதன்மேல் கட்டணம் அறவிடப்படுகிறது. உண்மைப் பெறுமதி 60 இலட்சம் ரூபா இருக்க, 30 இலட்சம் என்று எழுதியதாக வைப்போம். குசினியில் தீப்பிடித்து 8 இலட்சம் நட்டம். எழுதிய தொகைக்குள்தானே நட்டம் அடங்குகிறது, முழுதும் தர வேண்டும் என்பது வீட்டாரின் கணக்கு. கம்பனியின் கணக்குப்படி அவர் பாதிக்குத்தான் காப்புறுதி செய்தார், மீதிப் பாதிக்குத் தானே பொறுப்பேற்றார். ஆகவே நட்டத்திலும் பாதி, அதாவது 4 இலட்சம். அதிலும் முதலில் தானே ஏற்க வேண்டிய தொகையைக் கழித்துத்தான் வரும். பழையதற்குப் புதியது தரும் பொலிசி இல்லையென்றால் வயதுக்கும் கழிப்பார்கள். பத்து வருடப் பிரிட்ஜின் இன்றைய பெறுமதியைக் கேட்டு அதிர்ச்சியடையாத வீடு இல்லை. சம்பந்திக்குச் சொன்ன விலையை மட்டும் எழுதியிருந்தால்! (அப்படி எழுதுவதிலும் இலாபமில்லை. கூடச் சொன்னாலும் போனதற்குமேல் ஒரு சதமும் வராது.)

கடைசி மறுப்பு மிகப் பலமானது. நல்லூரில் யார் இதை எடுக்கிறார்கள், வீட்டுக்கடன் தந்த வங்கி கேட்ட தீக் காப்புறுதி இருக்கிறதே என்பார்கள். அது வங்கி தன் கடனுக்கு ஈடான கட்டடத்துக்காகக் கேட்டது. உள்ளே கதிரை இருக்கிறதா என்று வங்கிக்குக் கவலையில்லை. அடுத்து, பொருட்களைப் பட்டியல் எழுதி வைத்தால் நாவூறு படும் என்பார்கள். பட்டியல், படம், பற்றுச்சீட்டு இல்லாமல் களவு போன பிறகு கேட்டால் பொலிஸ் முறைப்பாட்டில் எழுதப் பொருளே இருக்காது என்பதால் இந்த அபாயத்தை ஏற்கத்தான் வேண்டும். ஒரே நிபந்தனை, பட்டியலை அலுமாரிக்குள் வைக்கக் கூடாது. அலுமாரி எரிந்தால் அதுவும் எரியும். உறுதி, சான்றிதழ், காசு போன்ற கடதாசிகளைப் பெரும்பாலான பொலிசிகள் வீட்டுப் பொருளாக எண்ணுவதும் இல்லை. ஆகவே ஒவ்வோர் அறையையும் தொலைபேசியில் படம் எடுத்து ரொறன்ரோவில் இருக்கும் அக்காவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பதே பாதுகாப்பான முறை. அக்கா அதைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "அம்மான்ர பெரிய குத்துவிளக்கு எப்ப உன்ர பட்டியலுக்கை வந்தது?" என்று கேட்பார். இதற்கு விடை தேட வேண்டிய இடம் 1707 ஆம் ஆண்டுத் தொகுப்பும் 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும். விளக்கு களவு போகும்வரை கம்பனி அதில் தலையிடாது.